கொல்லப்பட்ட அரசியல்வாதியைப் படமாக்க மூன்று வழிகள்: எதை எடுப்பது?

சிற்றூர் அரசியல்வாதி ஒருவர் கொல்லப்பட்டிருக்கிறார், அவருடைய கதையைப் படமாக எடுக்க வேண்டும். குடும்பத்திடம் போய் உரிமை வாங்கி எடுப்பதா, யாரிடமும் கேட்காமல் நீதிமன்ற ஆவணங்களையும் பழைய செய்திகளையும் வைத்து எடுப்பதா, இல்லை பேரையும் ஊரையும் மாற்றிக் கற்பனைக் கதை என்று சொல்லிவிடுவதா? சினிமாவுக்கு எழுதுகிறவர்கள் பலருக்கும் என்றாவது ஒருநாள் வந்து நிற்கும் கேள்விதான். பொத்தாம்பொதுவாக அலசினால் எங்கேயும் போய்ச் சேராது என்பதால் ஃபிலிப்பைன்ஸை வைத்துப் பேசுகிறேன். அங்கே இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் வேறு வேறு பக்கம் தீர்ந்திருக்கிறது. முதல் வழக்குக்குக் காரணமான படம் 1961இல் வந்த 'தி மோயிசெஸ் பாடில்லா ஸ்டோரி'.

முதலில் அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் சட்டப் பேச்சாகப் போய்விடும். நெக்ரோஸ் ஒக்சிடென்டல் என்பது கரும்பும் சர்க்கரை ஆலைகளுமாக இருக்கும் மாகாணம். நிலம் சில குடும்பங்களின் கையில், அரசியலும் கிட்டத்தட்ட அதே கைகளில். 1951இல் அங்கே ஆளுநராக இருந்தவர் ரஃபாயேல் லாக்சன், அன்றைய ஆளுங்கட்சியான லிபரல் கட்சிக்காரர், ஸ்பெஷல் போலீஸ் என்ற பெயரில் ஆயுதம் தாங்கிய ஒரு தனிப்படையே வைத்திருந்தவர். மகல்யோன் என்ற சிற்றூரின் மேயர் பதவிக்கு அவருடைய கட்சியை எதிர்த்து நசியோனலிஸ்டா கட்சியின் சார்பில் நின்றவர்தான் மோயிசெஸ் பாடில்லா. அந்த நவம்பரில் தேர்தல் முடிந்த கையோடு அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடித்துத் துன்புறுத்தியது மட்டுமில்லை, ஊர் ஊராகக் கொண்டுபோய், எங்களை எதிர்த்தால் இதுதான் கதி என்று மக்களுக்குக் காட்டினார்கள். கடைசியில் சுட்டுக் கொன்றார்கள். பாதுகாப்பு அமைச்சராக இருந்த ரமோன் மக்சாய்சாய் விமானம் ஏறி ஓடி வந்தும் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை, உடலைத்தான் கையில் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. இரண்டே வருடத்தில் அதே மக்சாய்சாய் நாட்டின் அதிபரானார். 1954இல் விசாரணை நீதிமன்றம் லாக்சனுக்கும் அவருடைய ஆட்கள் பலருக்கும் மரண தண்டனை விதித்தது. பிற்பாடு அந்த ஊரின் பெயரையே மாற்றி மோயிசெஸ் பாடில்லா என்று வைத்தார்கள், இன்றைக்கும் அதுதான் பெயர்.

இந்தக் கதையைப் பத்து வருடம் கழித்துப் படமாக்கக் கிளம்பியவர் மானுவல் லகுன்சாட், பத்திரிகைக்காரர், சொந்தத்தில் எம்.எம்.எல். புரொடக்‌ஷன்ஸ் என்று ஒரு நிறுவனம் வைத்திருந்தார். இயக்கம் ஹெரார்டோ டி லியோன், அந்த நாட்டு சினிமாவின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவர். பாடில்லாவாக லெயோபோல்டோ சல்செடோ. இளம் ஜோசப் எஸ்ட்ராடாவும் அதில் நடித்திருக்கிறார், பிற்காலத்தில் அதிபரான அதே எஸ்ட்ராடாதான். சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கர் போட்டிக்கு ஃபிலிப்பைன்ஸ் அந்த வருடம் அனுப்பியது இந்தப் படத்தைத்தான், இறுதிப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை.

லகுன்சாட் முதலில் எடுத்தது ஆவண வழி. பாடில்லா கொலையைப் பற்றி ஒரு வழக்கறிஞர் எழுதி இன்னும் அச்சாகாமல் இருந்த புத்தகத்தின் உரிமையை 2,000 பெசோ கொடுத்து வாங்கினார். கொலை வழக்கு ஊரறிந்த விஷயம், ஆள் பொது வாழ்க்கைக்காரர், புத்தகம் கையில் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று படப்பிடிப்பைத் தொடங்கிவிட்டார். 1961 அக்டோபர் 3ஆம் தேதி பாடில்லாவின் சகோதரியிடமிருந்து தொலைபேசி வந்தது, எங்கள் சகோதரனின் வாழ்க்கையை வைத்துக் காசு பார்க்கிறீர்களா என்கிற தொனியில். எடுத்து முடித்திருந்த காட்சிகளைக் குடும்பத்துக்குப் போட்டுக் காட்டினார்கள். அதில் பாடில்லாவின் தாய் ஒரு பாத்திரமாக வருகிறார், பாடில்லாவுக்கு ஒரு காதலியும் வருகிறாள். குடும்பம் இதெல்லாம் பொய், மாற்று, வெட்டு என்றது. அக்டோபர் 5ஆம் தேதியே பேரம் நடந்து, 50,000 பெசோவில் ஆரம்பித்து 20,000 பெசோவில் வந்து நின்று, ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,000 உடனே, 15,000 மாதக் கடைசிக்குள், அது போக மொத்த வசூலில் இரண்டரை சதவீதம். 10ஆம் தேதி 5,000 கொடுத்தார். 14ஆம் தேதி படப்பிடிப்பு முடிந்தது. 16ஆம் தேதி மணிலாவில் முதல் காட்சி. அப்புறம் மிச்சப் பணத்தைக் கொடுக்கவே இல்லை.

அந்தத் தேதிகளைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். முதல் தொலைபேசிக்கும் முதல் காட்சிக்கும் நடுவே இரண்டு வாரம்கூட இல்லை. கதையை எழுதியவருக்குக் கொடுத்ததைப் போல பத்து மடங்கு பணத்தைக் குடும்பத்துக்குத் தருவதாக, முதல் காட்சிக்குத் தேதி குறித்துவிட்ட நிலையில், வேறு வழி தெரியாமல் ஒத்துக்கொண்டிருக்கிறார். நெருக்கடியில்தான் கையெழுத்துப் போட்டேன், பாடில்லா பொது மனிதர் என்பதால் யாருடைய அனுமதியும் தேவையே இல்லை, ஆகவே ஒப்பந்தம் செல்லாது என்று வழக்காடினார். தாய் வழக்குப் போட்டது 1961 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 1979 ஆகஸ்டில். லகுன்சாட் தோற்றார். பாக்கி 15,000 பெசோவை வட்டியோடு கொடு, வசூல் கணக்கைக் காட்டிப் பங்கைக் கொடு என்று உத்தரவானது.

நீதிமன்றம் சொன்ன காரணங்களைத்தான் படமெடுப்பவர் கவனிக்க வேண்டும். ஒருவர் பொது மனிதர் என்பதாலேயே அவருடைய அந்தரங்க உரிமை அடியோடு போய்விடாது. இறந்தவரின் நினைவைக் காக்கும் உரிமை உறவினருக்கு உண்டு, அந்த உரிமை உயிரோடு இருப்பவர்களின் நலனுக்காக. நீ பொது வாழ்க்கையோடு நிற்கவில்லை, வீட்டுக்குள் போனாய், தாயைக் காட்டினாய், காதலியைக் காட்டினாய், அதற்கு அனுமதி வேண்டும். நெருக்கடி என்பது மிரட்டல் ஆகாது, மனமில்லாமல் போட்ட கையெழுத்தும் கையெழுத்துத்தான்.

இப்போது முதல் வழி, குடும்பத்திடம் உரிமை வாங்குவது. இதில் கிடைப்பது ரொம்பப் பெரியது. செத்தவர் எப்படிப் பேசுவார், கோபம் வந்தால் என்ன செய்வார், தேர்தலில் நிற்கப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு வீட்டில் யார் தடுத்தார்கள், இதெல்லாம் எந்த நீதிமன்ற ஆவணத்திலும் இருக்காது, அம்மாவிடமும் மனைவியிடமும்தான் இருக்கும். வழக்கு பயமும் குறையும். ஆனால் கொடுக்க வேண்டிய விலை பணம் மட்டுமில்லை. குடும்பத்தின் ஒப்புதலோடு எடுத்தால் குடும்பத்துக்குப் பிடித்த மனிதர்தான் திரையில் வருவார். பாடில்லாவின் குடும்பத்துக்குக் காதலியே கூடாது என்று இருந்தது. அவர்கள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம், அப்படி ஒருத்தி இல்லாமலே இருந்திருக்கலாம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த குடும்பம் கேட்கப்போவது வேறாக இருக்கும்: அவர் முதலில் எந்தக் கட்சியில் இருந்தார் என்பதைச் சொல்லாதே, தோட்டத்து முதலாளியோடு அவருக்கு இருந்த உறவைக் காட்டாதே, கூட்டாளி ஒருவன் கடைசி நேரத்தில் கைவிட்டதைக் காட்டாதே, அவன் இப்போது எங்களுக்குச் சம்பந்தி. இப்படி ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போனால் மிஞ்சுவது சுவரொட்டியில் இருக்கும் முகம்தான். அதோடு, குடும்பம் என்பது யார்? தாய் கையெழுத்துப் போட்டால் மனைவி வழக்குப் போடுவார், மனைவி போட்டால் முதல் தாரத்துப் பிள்ளைகள் வருவார்கள்.

இரண்டாவது, ஆவண வழி. 1979 தீர்ப்பைப் படித்தவர்கள் இந்த வழி அடைபட்டுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஒன்பது வருடம் கழித்து அதே உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்தது. 1986 பிப்ரவரியில் அதிபர் மார்கோஸை விரட்டிய மக்கள் எழுச்சியைப் பற்றி ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் ஆறு மணி நேரத் தொலைக்காட்சித் தொடர் எடுக்கத் தொடங்கியது. அந்த எழுச்சியின் நடுநாயகங்களில் ஒருவரான ஹுவான் போன்ஸே என்ரீலே, என் பெயரோ படமோ என் குடும்பத்தார் பெயரோ எதுவும் வரக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். நிறுவனம் அவருடைய பெயரைத் திரைக்கதையிலிருந்து எடுத்தே விட்டது. அப்படியும் அவர் வழக்குப் போட்டார், கீழ் நீதிமன்றம் தடையும் கொடுத்தது. 1988 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. லகுன்சாட் வழக்கில் ஒப்பந்தம் இருந்தது, படம் ஒரு தனி மனிதரின் வாழ்க்கையைப் பற்றியது, வீட்டுக்குள் போனது, கற்பனையும் கலந்தது. இங்கே கதை ஒரு வரலாற்று நிகழ்ச்சியைப் பற்றியது, அதில் இவர் பங்கெடுத்த அளவுக்கு இவரைக் காட்டாமல் அந்த நிகழ்ச்சியையே சொல்ல முடியாது, ஆகவே அனுமதி தேவையில்லை என்றது. ஒரு நிபந்தனையும் போட்டது: காட்டுவது நியாயமான அளவுக்கு உண்மையாக இருக்க வேண்டும், பொய் என்று தெரிந்தே சேர்க்கக் கூடாது, அந்தரங்கத்துக்குள் தேவையில்லாமல் நுழையக் கூடாது. (தொடர் 'எ டேஞ்சரஸ் லைஃப்' என்ற பெயரில் வந்தது. அதில் நாம் பார்க்கும் மணிலாவின் சில பகுதிகள் இலங்கையில் எடுக்கப்பட்டவை.)

ஆக இந்த இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோடு தெளிவாகத் தெரிகிறது. தெருவில் நடந்தது, மேடையில் நடந்தது, நீதிமன்றத்தில் நிரூபணமானது எல்லாம் ஊருக்குச் சொந்தம். வீட்டு வாசலைத் தாண்டினால் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். லகுன்சாட் தாயையும் காதலியையும் தொடாமல், அந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாமல், ஆளுநரின் ஆட்கள் ஒருவரை ஊர் ஊராக இழுத்துப் போனதை மட்டும் படமாக்கியிருந்தால், 1988இன் அளவுகோலில் அவர் தப்பித்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆவண வழியின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. நீதிமன்ற ஆவணத்தில் இருப்பது பெரும்பாலும் சாவுதான். எந்தத் தேதி, எந்த வண்டி, எந்தத் துப்பாக்கி, எந்தச் சாட்சி. அந்த மனிதர் ஏன் நின்றார் என்பது இருக்காது. இதை மட்டும் வைத்து எழுதினால் கொலைகாரர்கள் உயிரோடு இருப்பார்கள், கொல்லப்பட்டவர் உடலாக மட்டும் இருப்பார். இன்னொன்று, ஃபிலிப்பைன்ஸில் அவதூறு இன்றும் குற்றவியல் சட்டத்தில் இருக்கிறது, இறந்தவரின் நினைவைக் களங்கப்படுத்துவதும் அதன் வரையறைக்குள் வருகிறது. அதனால் செத்தவர் தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று எதையும் இஷ்டத்துக்குச் சேர்க்க முடியாது.

மூன்றாவது, பெயர் மாற்றுவது. எரிக் மாட்டியின் 'ஆன் தி ஜாப்: தி மிஸ்ஸிங் 8' (2021) கற்பனையான லா பாஸ் என்ற ஊரில் நடக்கிறது. ஊர் மேயர், அவரை நம்பி இருக்கும் பத்திரிகைக்காரர், காணாமல் போகும் எட்டுப் பேர். அதில் நடித்த ஜான் ஆர்சில்யாவுக்கு வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஒரு மாகாண மேயரின் அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்பதை அந்த அளவுக்கு விலாவாரியாக, இத்தனை சுதந்திரமாக, உண்மைப் பெயர்களை வைத்துக்கொண்டு சொல்லியிருக்கவே முடியாது. நாலைந்து ஊர்களில் நடந்ததை ஓர் ஊரில் நடந்ததாகக் காட்டலாம், யாருடைய அம்மாவையும் புண்படுத்தாமல் ஒரு அம்மாவை எழுதலாம். நீங்கள் சொல்ல வருவது ஓர் அமைப்பைப் பற்றி என்றால் இதுதான் நல்ல வழி, தயங்காதீர்கள்.

ஆனால் வழக்குக்குப் பயந்து மட்டும் இந்த வழிக்கு வராதீர்கள். என்ரீலே விஷயத்தில் பெயரை எடுத்த பிறகும் வழக்கு வந்தது என்பதைச் சொன்னேன் அல்லவா, பார்க்கிறவர்களுக்கு யார் என்று தெரிந்தால் பெயர் மாற்றம் கவசம் ஆகாது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பாடில்லா போன்ற ஒருவரின் பெயரை எடுத்துவிட்டால் அவர் செய்ததில் பாதி போய்விடுகிறது. வாக்குச்சீட்டில் தன் பெயரைப் போட்டதற்காகத்தான் அந்த மனிதரைக் கொன்றார்கள். அவரை 'ஒரு வேட்பாளர்' என்றும் ஆளுநரை 'ஒரு பெரிய மனிதர்' என்றும் எழுதினால் கொன்றவர்களுக்கு அது ரொம்ப வசதி.

நாலாவதாக ஒரு வழி இருக்கிறது, அதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஆனாலும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அந்த நாட்டில் அரசியல்வாதிகளைப் பற்றிய பல படங்கள் அப்படித்தான் வந்திருக்கின்றன: உயிரோடு இருக்கும் அரசியல்வாதிக்குத் தோதாக, தேர்தலுக்கு முன்னால் எடுப்பது. 1965இல் இலோகோஸ் நோர்த்தே மாகாணத்து மார்கோஸ் அதிபர் தேர்தலில் நின்றபோது அவர் வாழ்க்கையை 'இகினுஹித் நங் தத்ஹானா' என்று படமாக்கினார்கள். தணிக்கை வாரியம் திரையிடலை நிறுத்தியது, அந்த நிறுத்தமே அவருக்குப் பெரிய விளம்பரமாகப் போயிற்று, நவம்பரில் ஜெயித்தார். அவர் கட்டி எழுப்பிய கெரில்லா வீரர் பிம்பம் அமெரிக்க ராணுவ ஆவணங்களால் பொய்யென்று தெரிய வந்தது 1986இல், இருபது வருடம் ஆட்சியில் உட்கார்ந்த பிறகு. 2000இல் எஸ்ட்ராடா சூதாட்டப் பணம் வாங்கினார் என்று குற்றம் சாட்டி அவருடைய வீழ்ச்சியைத் தொடங்கி வைத்த இலோகோஸ் சூர் ஆளுநர் சாவித் சிங்சோனுக்கும் 2003இல் ஒரு படம் வந்தது, பெயரே 'சாவித்'. 2001இன் தேர்தல் சட்டம் பிரச்சார காலத்தில் வேட்பாளரின் வாழ்க்கைப் படத்தைப் பொது இடத்தில் காட்டக் கூடாது என்கிறது. அதனால் என்ன, மணிலா மேயர் இஸ்கோ மொரேனோவைப் பற்றிய 'யோர்மே' 2022 ஜனவரியில் திரைக்கு வந்தது, அதிபர் தேர்தல் பிரச்சாரம் தொடங்கியது பிப்ரவரி 8. அவர் ஜெயிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

சரி, என் முடிவு. ஆவணத்தை முதுகெலும்பாக வைத்து, வீட்டுக் காட்சிகளுக்கு மட்டும் குடும்பத்திடம் போவேன், அதுவும் கேமராவை எடுப்பதற்கு முன்னால். இந்த வரிசை மாறினால் லகுன்சாட்டின் கதிதான். முதலில் தீர்ப்புகளையும் செய்திகளையும் வைத்து, குடும்பம் ஒரு வார்த்தை சொல்லாவிட்டாலும் தனியாக நிற்கக்கூடிய ஒரு திரைக்கதையை எழுதி முடித்துவிட வேண்டும். அப்புறம் அதை எடுத்துக்கொண்டு குடும்பத்திடம் போய், பொது வாழ்க்கையைப் பற்றிய பகுதியில் மாற்றம் கிடையாது, வீட்டைப் பற்றிய காட்சிகளில் உங்கள் சொல்தான் கடைசிச் சொல், அவற்றுக்கு இவ்வளவு பணம் என்று எழுத்தில் தெளிவாக வைக்க வேண்டும். ஒத்துக்கொண்டால் படத்துக்கு உயிர் வரும். ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தக் காட்சிகளை எடுத்துவிட்டு மிச்சத்தை எடுக்கலாம். இருபது நாளில் படம் வெளியாகப் போகிற நிலையில் போய் உட்கார்ந்தால் அவர்கள் கேட்டதுதான் விலை.

இதை ஓர் உதாரணத்தில் போட்டுப் பார்க்கலாம். ஆந்தீக்கே மாகாணத்தின் எவெலியோ ஹாவியேர், 1971இல் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், 1984 நாடாளுமன்றத் தேர்தலில் முறைகேடு என்று உச்ச நீதிமன்றம் வரை போனவர், 1986 பிப்ரவரி 11 அன்று, அதிபர் தேர்தல் முடிந்து நாலாம் நாள், சான் ஹோசே தெ புவெனாவிஸ்தா ஊரின் பொதுத்திடலில் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மனுவை, மனுதாரரும் போய் அந்த நாடாளுமன்றமும் கலைந்த பிறகு, அந்த வருடம் செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விடாமல் எடுத்துத் தீர்ப்பு எழுதியது. ஆக 1984 தேர்தலும் திடலில் நடந்த கொலையும் ஆவண வழியில் தாராளமாக எடுக்கலாம். ஆனால் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட அவருடைய அரசியல் எதிரி 2004இல் விடுதலையாகிவிட்டார். பாடில்லா படத்தில் ஆளுநரைக் குற்றவாளியாகக் காட்டியதற்குப் பின்னால் ஒரு தண்டனைத் தீர்ப்பு இருந்தது, இங்கே அது கிடையாது. ஆகவே சுட்டவர்களைக் காட்டலாம், உத்தரவு கொடுத்த அறையைக் காட்டக் கூடாது. அந்த அறை இல்லாமல் என்னால் கதை சொல்லவே முடியாது என்று ஒரு இயக்குநர் நினைத்தால், அவர் ஹாவியேரின் பெயரை விட்டுவிட்டு மூன்றாவது வழிக்குப் போகட்டும், அங்கே அது நேர்மையான தேர்வு. அவருடைய பெயரையும் வைத்துக்கொண்டு அந்த அறையையும் கற்பனையில் கட்டுவதை மட்டும் செய்யக் கூடாது.